டிக்கியின் உள்பக்கம்

டேய்,

தின்னர் வாசனை உனக்குப் பிடிக்காது. என் ஸ்பிரே செக்‌ஷன் பக்கம் வந்தாலே கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, "இன்னாடா, பொணத்துக்கு செண்ட் அடிக்கறியா?" என்று கேட்பாய். எனக்கு அது வாசனையாகவே தெரியாது. அதற்குள்ளேயே முப்பது வருஷமாகச் சோறு தின்றவன் நான். ஆனால் போன மாசம் ஒரு வியாழக்கிழமை ஆம்பூர் பைபாஸ் ஓரம், டிங்கர் பாயின் தகரக் கொட்டகையில், உன் வண்டியின் பின்பக்கத்துப் பழைய பெயிண்டை அவர் தின்னர் தடவிச் சுரண்டியபோது எழுந்த வாசனை வேறு மாதிரி இருந்தது. கார் பெயிண்டோடு சேர்ந்து நம் தோல் ஷாப்பில் பளபளப்புக்கு அடிக்கும் லாக்கரின் நெடியும் வந்தது. ஒரு காரிலிருந்து அந்த நெடி வரவே கூடாது. அது எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒருவன் கையில் டீ டம்ளரோடு கொட்டகை ஓரமாக முழித்துக்கொண்டு நின்றான்.

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 'நண்பனுக்குக் கடிதம் வரைக' என்று வந்தபோது, என்ன எழுதுவது என்று தெரியாமல் உறைமேல் முகவரியை மட்டும் அழகாக எழுதிவிட்டு வந்தவன் நான். அந்த வருஷம் தமிழில் போய்விட்டது, உனக்குத்தான் தெரியுமே. இப்போது எழுத ஒரு கடிதம் இருக்கிறது. முகவரிதான் இல்லை.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உன் வீட்டுக்காரி எஸ்தர் ஒரு நாள் வண்டிச் சாவியை என் கையில் வைத்து, "அண்ணா, இது உங்களுக்குத்தான்னு சொல்லினு இருந்தாரு. ஷெட்டுல நின்னு நின்னு துரு ஏறுது, எடுத்துனு போங்க" என்றாள். எடுத்து வந்தேன். முன்பக்கம் இன்னும் உன் அப்பா ஓட்டிய பியட் மாதிரியே இருந்தது. பின்பக்கம்தான் வலது மூலையிலிருந்து டிக்கிக்குக் கீழே வரை பாளம் பாளமாக வெடித்து, அதற்குள்ளிருந்து துருத் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. பார்க்க ஏதோ காயம் மாதிரி இருந்தது. பாயிடம் விட்டேன்.

பாய் விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். தகரச் சத்தம் வரவில்லை. 'தொப் தொப்' என்று மண்சுவரைத் தட்டுகிற மாதிரி வந்தது. உளியை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். தோசை அளவுக்கு ஒரு துண்டு கழன்று கீழே விழுந்தது.

"யாரு சார் இந்த வேல பாத்தது?"

"தெரியல பாய். பழைய வண்டி. எவனோ."

"எவனோ கொத்தனாரு பாத்துக்கறான். வெரல் மொத்தத்துக்குப் பட்டி வச்சிக்கறான் பாருங்க. தகட்ட ஒரு தட்டு தட்டல சார். குழி உழுந்த எடத்துல அப்படியே மாவு பெசஞ்சி அப்பிக்கறான். டிங்கர்னு சொல்லாதீங்க, இவன் வட சுடறவன்."

நான் சிரித்தேன். என்னை யாராவது திட்டினால் அவரோடு சேர்ந்துகொண்டு சிரிப்பது என் பழைய வித்தை. அது உனக்கும் தெரியும். எந்த அளவுக்குத் தெரியும் என்பதுதான் அரை மணி நேரம் கழித்து எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் நம் ஷாப்பைச் சொல்ல வேண்டும். உனக்கல்ல. எழுதுகிற எனக்கு.

நாம் இரண்டு பேரும் ஒரே மாசத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஸ்பிரேயில், நீ தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷனில். தோல் உன் மேஜைக்கு வரும். நீ அதைக் கண்ணால் பார்த்து நான் கண்டதில்லை. கதவுப் பக்கம் எவன் வருகிறான் போகிறான் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே உள்ளங்கையை மட்டும் அதன்மேல் ஓட விடுவாய். எங்கேயாவது கை நிற்கும். உடனே தோலைத் திருப்பிப் போட்டு, சதைப்பக்கத்தில் அதே இடத்தில் நீல மெழுகுக்கட்டியால் ஒரு வட்டம் போடுவாய். கீழே தரத்தின் எண், உன் அடையாளமாக வால் நீண்ட ஒரு டிக், தேதி. அவ்வளவுதான். முகப்பக்கத்தில் ஒரு கோடு கூடப் படாது. "ஊரு பாக்கற பக்கத்துல அசிங்கம் பண்ணக் கூடாதுடா. கொறைய உள்பக்கம் எழுதணும்" என்பாய்.

நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. எனக்கு முகப்பக்கம் மட்டும்தான். கீறலோ உண்ணிக் கடியோ குழியோ, எதுவாக இருந்தாலும் அடைக்கிற மாவை வைத்து அடைத்து, தேய்த்து, மேலே நிறம் அடித்து, லாக்கர் போட்டுப் பளபளவென்று அனுப்புவேன். முப்பது வருஷத்தில் ஒரு தோலையாவது திருப்பிப் பார்த்திருப்பேனா? வடக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறம் பொருத்துவதில் இந்தப் பாலாற்றங்கரையில் என்னை அடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

உன் தரக் கணக்கு ஒன்று உண்டு. மதியம் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது அடிக்கடி சொல்வாய்: "ஒண்ணாந்தரம் ஆண்டவர் செய்யறது. ரெண்டாந்தரம் முதலாளி கேக்கறது. மூணாந்தரம் நம்மள மாதிரிடா. கொற இருக்குது, ஆனா வச்சிக்கலாம். திருப்பி அனுப்பறதுக்கில்ல." பிறகு என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "உன் வீட்டுக் கொழம்பு மட்டும் ரிஜெக்ட்" என்பாய்.

என் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிய சமயத்தில் கம்பெனி உன்னைக் கல்கத்தாவுக்குத் தோல் பார்க்க அனுப்பியது. கிளம்புகிற அன்று காலை வண்டியைக் கழுவித் துடைத்து, சாவியை என் சட்டைப் பையில் போட்டாய். வெளிறிய பச்சை. ஊறப்போட்ட பச்சைப்பயறு நிறம். உன் அப்பா இருபது வருஷம் ஓட்டியும் ஒரு கீறல் விழாத வண்டி.

"ஆஸ்பத்திரிலேர்ந்து கொழந்தைய ஆட்டோல கூட்டினு வராத. இதுல கூட்டினு வா. ராஜா வூட்டுப் புள்ள மாதிரி வரட்டும்."

"நான் லைசென்ஸ் வாங்கி மூணு மாசம்கூட ஆவலடா."

"வாங்குனவன் நல்லா ஓட்டுவான்னுதான கவர்மெண்ட்டு குடுத்துக்குது? இன்னா பேஜாரு?"

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஹைவேயில் மாட்டு வண்டி வேகத்தில் வந்தேன். பின்னால் வந்த பஸ்காரன்கள் என் பரம்பரையையே ஹார்னில் வைது தீர்த்தார்கள். ஆனால் ஒரு ஆபத்தும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். தெருவில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில். அங்கேயே வண்டியை நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே, வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டலாம் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தேன்.

குழாயடிக் கல்தூணில் முட்டியது. கிளட்ச் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததால் முட்டிய இடத்திலேயே இன்னொரு தரமும் முட்டியது. வலது பக்க லைட் கண்ணாடி தூளாகிவிட்டது. பம்பர் வாய் கோணிக்கொண்டது. டிக்கிக்குக் கீழே வரிசையாக நாலு குழி. குழந்தை அழக்கூட இல்லை. மாமியார் ஆரத்தியைச் சுற்றிவிட்டு, "திருஷ்டி கழிஞ்சிது" என்றார்கள். மனைவி மட்டும் இறங்கியதும் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷன் நம்பிக் குடுத்துட்டுப் போனாரே" என்றாள்.

டிங்கரிடம் விட்டிருக்கலாம். ஆம்பூர் சின்ன ஊர். எந்த டிங்கரிடம் விட்டாலும் நீ ரயிலை விட்டு இறங்குவதற்குள் சேதி உன் காதுக்கு வந்துவிடும். அதனால் நானே செய்தேன். லீவு நாளில் வண்டியை ஷாப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தகடு என்றால் அடியிலிருந்து தட்டி நிமிர்த்த வேண்டும் என்ற புத்தி எனக்கு எங்கிருந்து வரும்? நான் படித்த படிப்பு தோல் படிப்பு. குழி இருந்தால் அடை, தேய், நிறம் அடி. பட்டியை அப்பினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். மறுபடி அப்பினேன். பம்பரை ஒரு கல்மேல் வைத்து நிமிர்த்தினேன். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு லைட் வாங்கிப் போட்டேன். பெட்ரோல் டேங்க் மூடியை ஜன்னலடியில் வைத்துக்கொண்டு மூன்று காலை உட்கார்ந்து நிறம் சேர்த்தேன். கார் பெயிண்டு மட்டும் அடித்தால் அந்தப் பழைய பளபளப்பு வராது என்று நம் தோல் லாக்கரையும் பாதிக்குப் பாதி கலந்தேன். கம்பெனி ஸ்பிரே கன்தான். அடித்து முடித்து பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எது பழசு எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. வெட்கப்படுவதற்குப் பதில் பெருமைப்பட்டேன். அன்றைக்கு டிக்கியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏன் சொல்லாமல் மறைத்தேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். நீ திட்டுவாய் என்ற பயமா? நீ திட்டமாட்டாய். "போனா போவுதுடா, கொழந்த நல்லாருக்குதா?" என்றிருப்பாய். அதற்குத்தான் பயந்தேன். திட்டுகிறவனிடம் ஒப்புக்கொண்டுவிடலாம். திட்டாதவனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

நீ வந்தாய். வண்டியைச் சுற்றிவந்தாய். பேச்சுவாக்கில் உன் உள்ளங்கை பின்பக்கத்தில் ஓடியது. வலது மூலையில் வந்து நின்றது. உடனே, "இன்னாடா, கல்கத்தா போயிட்டு வெறுங்கையோட வந்துக்கற? ரசகுல்லா எங்க?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிரித்து, "வண்டிய நல்லா வச்சிருக்க" என்றாய். அப்பாடா, பாஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி ஒரு வாரம் கேட்டாள்: "இன்னா, அவருகிட்ட சொல்ட்டியா?" எட்டாம் நாள், "சொல்ட்டேன். சிரிச்சினே போய்ட்டான்" என்றேன். பார், ஒரே பட்டியில் இரண்டு குழி அடைத்தேன்.

அதே வாரத்தில் நீ என்னிடம், "நாலு துண்டு கழிவுத் தோல் இருந்தா குடு, டிக்கிக்குள்ள ஒட்டணும். சாமான் வச்சா கடகடன்னு ஆடுது" என்றாய். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒட்டும்போது கூட நிற்கிறேன் என்றேன். "நீ போய் டீ வாங்கினு வா" என்று அனுப்பினாய். டீயோடு வந்தபோது டிக்கிக்குள் தோல் சுவர் மாதிரி வழவழவென்று ஒட்டியிருந்தது. "சோபா செட்டு மாதிரி இருக்குதுடா" என்று பாராட்டினேன்.

ஆறு வருஷம் கழித்து உன் பையன் படிப்புக்காக வண்டியை விற்கப் பார்த்தாயே, அந்த நாளை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். முடியவில்லை. எழுதுகிறேன்.

வாணியம்பாடியிலிருந்து பழைய வண்டிப் பைத்தியம் ஒருவர் வந்தார். டீக்கடை எதிரே வண்டி நிற்கிறது. நம் ஷாப்பு ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான். நீ அவரிடம், "எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரே குடும்பத்து வண்டி சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வண்டி முழுக்க ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. வலது பின் மூலையில் வைத்தார். பொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"செலக்டர்னு சொன்னீங்க. ஊருத் தோலுக்கெல்லாம் கொற சொல்ற ஆளு, உங்க வண்டிக்குப் பட்டி அடிச்சி என் தலையில கட்டப் பாக்கறீங்களே? இது நியாயமா சார்?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு கை தூரம். வாயைத் திறந்து 'நான்தான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் டீயை ஊதினேன். ஆறிப்போன டீயை.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் ஒரு வாட்டி ரிவர்ஸ்ல இடிச்சேன். சொல்ல மறந்துட்டேன், தப்புதான்" என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வண்டி விற்கவில்லை. பையன் படிப்புக்கு நீ ஓவர்டைம் பார்த்தாய்.

மறுநாளிலிருந்து உனக்கு 'பட்டி செலக்டர்' என்று பேர். தோலைச் சுமந்து வருகிறவன்கூட, "அண்ணே, இதுக்குப் பட்டி வச்சிருக்குதான்னு பாருங்க" என்பான். வாங்க வந்த வியாபாரிகள், நீ முதல் தரம் என்று ஒதுக்கியதை மறுபடி ஒரு தரம் தடவிப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் உன் டிக் இருந்தால் யாரும் தோலைத் தொடமாட்டார்கள். ஒரு செலக்டருக்கு அவன் கையைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்டா. ஒரு தரம் சோற்று நேரத்தில் நானே உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டே, "உன் கொழம்பு ரிஜெக்ட்" என்றாய்.

கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று தரம் உனக்கு ரத்தம் சுத்தம் செய்தார்கள். துணைக்கு நான் வந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஊசிக் கையை அசைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"வண்டி பின்னால பட்டி விரிசல் விட்டுக்குதுடா. எனக்கப்புறம் நீதான் பாத்துக்கணும்."

"நீ போனா மறுநாளே எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுடுவேன். அந்த பயத்துலயாவது இருந்துத் தொல."

சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும், "வேற எதனா சொல்லணுமாடா?" என்றாய்.

"இல்லியே. இன்னா சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். எத்தனை வருஷமாக நீ இப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஒவ்வொரு தரமும் நான் ஒரு ஜோக்கைத் தூக்கிப்போட்டு அதைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

பாயின் கொட்டகைக்கு வருகிறேன். பட்டியை எல்லாம் உதிர்த்துவிட்டு, "உள்ளேர்ந்து தட்டி எடுக்கணும் சார். இந்தத் தோல உரிச்சிடட்டுமா?" என்று கேட்டார். உரிக்கச் சொன்னேன். இருபது வருஷத்துப் பசை. வெந்நீர் ஊற்றி, மூலையைப் பிடித்து இழுத்தார். முழுசாகக் கையோடு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர், "இன்னா சார் இது, எவனோ உள்ள கோலம் போட்டுக்கறான்" என்றார்.

தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வெளியே நான் மூடிய நாலு குழியும் உள்பக்கத்தில் நாலு மேடாகத் துருத்திக்கொண்டு நின்றன. அத்தனை வருஷமும் அப்படியேதான் நின்றிருக்கின்றன. ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் நீல மெழுகில் ஒரு வட்டம். கடைசி வட்டத்துக்குக் கீழே வால் நீண்ட உன் டிக். பக்கத்தில் தேதி. அது என் மகளுக்குப் பேர் வைத்ததற்கு முந்தின நாள். மறுநாள் நீ ரசகுல்லா டின்னோடு வந்து அவளை மடியில் வாங்கிக்கொண்டாய். தேதிக்கு மேலே, ஒரு அங்குல உயரத்துக்கு, '3'. மூணாந்தரம்.

முதல் வாரமே தெரிந்திருக்கிறது உனக்கு. டீக்கடை எதிரே காந்தம் விழுவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே. குறையைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது, வட்டம் போட்டுவிட்டாய். போட்டதை ஊர் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது என்று, என்னிடமே தோல் வாங்கி, என்னையே டீக்கு அனுப்பிவிட்டு, மூடி ஒட்டிவிட்டாய்.

"சார், இன்னா ஆச்சு? குனிஞ்சே கீறீங்க?"

"பாய், கேட்டீங்களே, இந்த வேல யாரு பாத்ததுன்னு."

"ஆமா."

"நான்தான். இடிச்சதும் நான்தான்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டார்ச்சை அணைத்தார். "சரி வுடுங்க சார். கலரு மட்டும் நல்லாதான் பொருத்திக்கறீங்க" என்றார்.

மூன்று குழியைத் தட்டி நிமிர்த்திவிட்டார். நாலாவது, எண் இருக்கிற இடம், துரு தின்று ஓட்டையாகிவிட்டது; வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும் என்றார். வெட்டிய துண்டைக் குப்பையில் போடப் போனார். கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவி, "இன்னாத்துக்கு இந்தத் துருப்பிடிச்ச தகரம்?" என்றாள். அன்றைக்கு உன்னிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று அவளிடமும் சொன்னேன். சாயந்திரம் டீ வைத்துக் கொடுத்து, "நான் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், எல்லாம் தெரிஞ்சி மன்னிச்ச மனுஷன்னு நெனச்சினு போட்டேன்" என்றாள். காலி டம்ளரைத் திரும்ப வாங்கும்போது, "நெனச்சது தப்பில்ல" என்றாள்.

கல்லறைத் திருநாள் வருகிறதே, உன் கல்லறைக்கு வெள்ளையடிக்க எஸ்தரோடு போனேன். சிலுவைக்குப் பெயிண்டு அடிப்பது எப்போதும் என் வேலைதானே. பாதி அடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடிக் கல், காந்தம், ஆறின டீ, எல்லாம். அவள் கல்லறை ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"அதானாண்ணா? டிக்கியத் தெறக்கும்போதெல்லாம், 'உள்ள ஒருத்தன் ஒளிஞ்சினு இருக்கான் எஸ்தரு, எப்ப வெளிய வருவானோ'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. நான் பல்லியச் சொல்றாருன்னு நெனச்சேன்."

நான் சிலுவையின் மீதிப் பாதியை அடித்தேன். இரண்டு இடத்தில் பெயிண்டு வழிந்துவிட்டது. துடைக்கவில்லை.

அந்தத் தகரத் துண்டை இப்போது ஷாப்பில், நான் நிறம் பொருத்துகிற வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் ஜோக் சேர்ப்பதில்லை. நம் செலக்டர் பட்டி வைத்தவன் இல்லை, வைத்தவன் நான் என்று சொல்லி முடிக்கிறேன். ஆனால் உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் பலர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், சிலர் உன் பக்கமே வந்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் எல்லாம் புதுசு. முழுக்கக் கேட்டுவிட்டு, "யாருண்ணே அந்த செலக்டர்?" என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான், கையில் இருக்கிற தோலைத் திருப்பிப் போட்டு, அவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.